அலமாரி எம்மொழிச் சொல்?

கேள்வி: பினாங்கில் ஓர் அறைகலன் கடைப் பலகையில் மலாய் மொழியில் 'அல்மாரி' என்று எழுதியிருந்ததைக் கண்டேன். தமிழும் மலாயும் வெவ்வேறு மொழிக்குடும்பங்களாயிற்றே. 'அல்' என்று தொடங்குவதால் அரபுச் சொல்லாக இருக்குமோ?

மறுமொழி 1: அரபு அன்று, ஐயா. 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்து, 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியரின் 'அர்மாரியோ'வே, இரண்டு ரகரங்களுள் முன்னது லகரமாகத் திரிந்து, தமிழில் 'அலமாரி' என்றும் இந்தோனேசியாவில் 'லெமாரி' என்றும் வழங்குகிறது. சாவியும் ஜன்னலும் அவர்கள் வழி வந்தவைதாம்.

மறுமொழி 2: அதற்கும் மூலம் இலத்தீன். 'அர்மா' என்றால் ஆயுதம், கருவி. அவற்றை வைக்கும் பெட்டகமே 'அர்மாரியம்'. எங்கள் பாட்டி வீட்டுச் சுவரலமாரியில் ஆயுதமென்று இருந்தது பாக்குவெட்டி ஒன்றுதான்.

கேட்டவர்: நன்றி. மலாயில் ஜன்னலை 'ஜெண்டேலா' என்பதன் காரணமும் இப்போது விளங்குகிறது.