தகுதியா, ஆடுரிமையா? சிறார் டென்னிஸ் லீக் சொற்கள் குறித்து

குழுவினருக்கு வணக்கம்.

பத்து நாளாக இந்த இழையில், ஒரு பிரிவில் யார் ஆடலாம் என்பதைச் சொல்லும் 'எலிஜிபிலிட்டி'க்குத் தமிழ் தேடிக்கொண்டிருக்கிறோம். தொடங்கி வைத்தவன் நான்தான். கேட்கும்போதே காரணத்தையும் சொல்லியிருந்தால் பாதி மடல்கள் மிச்சமாகியிருக்கும். இப்போது சொல்லிவிடுகிறேன்.

நியூ ஜெர்சியில் ஒரு சிறார் டென்னிஸ் அணியின் பொறுப்பாளனாக இருக்கிறேன். சம்பளமில்லாத வேலை. அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் 'ஜூனியர் டீம் டென்னிஸ்' முறையில் நடக்கும் உள்ளூர் லீக் அது. அணியில் பாதிப் பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். கோடையில் ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிகள் மடக்கு நாற்காலியோடு மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்காக வாராவாரம் ஒரு பக்கத்தில் தமிழ் அறிவிப்பு எழுதுவேன். சென்ற மாதம் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி இப்படி எழுதினேன்: 'இவர் இடைநிலைப் பிரிவில் ஆடும் தகுதியை இழந்துவிட்டார்.' மறுநாள் மாலை அவளுடைய பாட்டி அந்தத் தாளோடு என் முன்னால் வந்து நின்றார். "தம்பி, என் பேத்தி என்ன தவறு செய்தாள்?"

அவள் செய்த தவறு நன்றாக ஆடியதுதான். தொடர்ந்து வென்றதில், ஆட்டத்திறனை அளக்கும் அவளுடைய உலக டென்னிஸ் எண் இடைநிலைக்கு எங்கள் லீக் வைத்த எல்லையைத் தாண்டிவிட்டது. இனி அதற்கு அடுத்த பிரிவில்தான் ஆட வேண்டும். மகிழ்ச்சியான செய்தி. நான் அதை எழுதிய தமிழோ அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது.

என் சிக்கல் இதுதான். தமிழில் 'தகுதி' மேல்நோக்கிய சொல். தகுதி வளரும், தகுதி உயரும், தகுதியால் வேலை கிடைக்கும். திறன்நிலைப் பிரிவுள்ள லீக்கின் விதியோ 'இதற்கு மேல் போனவர் இங்கே ஆடக் கூடாது' என்று கூரை போடுகிறது. வயதுக்கும் கூரை, திறனுக்கும் கூரை. தரையிலிருந்து அளக்கும் சொல்லைக் கொண்டு கூரையை அளந்தால் பாட்டி கேட்ட கேள்விதான் வரும்.

போதாததற்கு நம் செய்தித்தாள்கள் 'தகுதி நீக்கம்' என்ற தொடரை எங்கெல்லாம் போட்டிருக்கின்றன என்று பாருங்கள். 2017-இல் தமிழ்நாட்டில் 18 சட்டமன்ற உறுப்பினர்கள் தகுதி நீக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ இறுதிப் போட்டிக்கு முன் 100 கிராம் கூடுதல் எடைக்காக வினேஷ் போகாட் தகுதி நீக்கம். அந்தச் சொல்லைக் கேட்டாலே ஏதோ பறிபோனது என்றுதான் நம் காது எடுத்துக்கொள்கிறது.

இனி, வந்த பரிந்துரைகள்.

> 'தகுதி'யே போதும். வாக்காளர் பட்டியல் அறிவிப்பில் 'தகுதியேற்படுத்தும் நாள்' என்று அரசே எழுதுகிறது.

எழுதுகிறது. ஆனால் அங்கே 18 நிறைந்தவர் உள்ளே வருகிறார், யாரும் வயது கூடிவிட்டதால் வெளியே போவதில்லை. அந்த நாளில் அவருக்குக் கிடைப்பதன் பெயர் என்ன? வாக்குரிமை. இந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

> 'அருகதை' என்று ஒரு சொல் இருக்கிறதே?

இருக்கிறது, சண்டையில். 'பேச உனக்கு என்ன அருகதை' என்று கேட்கப் பயன்படுகிறது. பதின்மூன்று வயதுக் குழந்தைக்கு வேண்டாம்.

> திருக்குறளில் 'தகுதி' நடுவுநிலைமையைக் குறிக்கிறது. ஆகவே விதிகளுக்கு அது மிகவும் பொருத்தம்.

படித்து ரசித்தேன். ஆனால் மடக்கு நாற்காலியில் இருப்பவர்களுக்கு அறிவிப்போடு உரையாசிரியரையும் சேர்த்து அனுப்ப முடியாது.

'பொருந்துதகவு' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பொருள் சரி. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை 'எலிஜிபிலிட்டி' என்றே சொல்லிவிடுவீர்கள்.

என் முன்மொழிவு: ஆடுரிமை.

ஆடு, உரிமை என்ற இரண்டும் சேர்ந்த வினைத்தொகை. ஆடிய, ஆடுகின்ற, ஆடும் உரிமை. வாக்குரிமை, குடியுரிமை, வழியுரிமை என்ற வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முக்கியமாக, உரிமை இடத்துக்கு இடம் மாறும். இந்தத் தொகுதியில் எனக்கு வாக்குரிமை இல்லை என்றால் நான் மட்டமானவன் என்று எவரும் நினைப்பதில்லை, வேறு தொகுதியில் இருக்கிறது என்று புரிந்துகொள்வார்கள். அந்தப் பெண்ணுக்கும் அதே நிலைதான். 'இவருக்கு இனி அடுத்த பிரிவில் ஆடுரிமை' என்று எழுதியிருந்தால் பாட்டி பாயசம் வைத்திருப்பார்.

முன்னோட்டமாக இரண்டு பேருக்கு அனுப்பினேன். ஒருவர் உடனே, "ஆட்டுக்கு என்ன உரிமை?" என்று கேட்டார். இது வரும் என்று தெரியும். கால்நடை ஆடு என்றால் புணர்ச்சியில் 'ஆட்டு' என்று இரட்டிக்கும்: ஆட்டுப்பால், ஆட்டுக்கறி, ஆட்டுரிமை. இரட்டிக்காமல் நின்றால் வினை. 'ஆடுகளம்' என்று விளையாட்டுப் பக்கத்தில் நாள்தோறும் படிக்கிறோம், மேய்ச்சல் நிலம் என்று யாரும் எண்ணியதில்லை.

மற்றவர் சட்டம் படித்தவர். "உரிமை என்று எழுதினால் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று ஆகிவிடும், லீக் கொடுப்பது அனுமதிதான்" என்றார். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் 'ஆட அனுமதி' என்று வைத்தால் யாரோ ஒரு மேலாளரின் தயவு போல ஒலிக்கிறது. எண்ணும் பிறந்த நாளும் சொல்வதை மேலாளர் மாற்ற முடியாது. எழுதி வைத்த நிபந்தனைகளை நிறைவு செய்தால் கிடைத்தே தீர வேண்டும். அந்த வகையில் இது உரிமைதான்.

இந்த நிபந்தனைகளை ஏன் இவ்வளவு கறாராகப் பார்க்கிறார்கள் என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். பிள்ளைகள் விளையாட்டுதானே என்று. விடை மதிப்பிடும் முறையில் இருக்கிறது. இந்த லீக்குகளில் வழக்கமாக ஆண் ஒற்றையர், பெண் ஒற்றையர், ஆண் இரட்டையர், பெண் இரட்டையர், கலப்பு இரட்டையர் என்று ஐந்து ஆட்டங்கள் நடக்கும். எத்தனை ஆட்டம் வென்றோம் என்பதைப் பார்ப்பதில்லை. எல்லா ஆட்டங்களிலும் எடுத்த கேம்களை, அதாவது ஆட்டத்துக்குள் வரும் சிறு சுற்றுகளைக் கூட்டி, கூடுதலாக எடுத்த அணியை வென்றதாக அறிவிப்பார்கள். பில்லி ஜீன் கிங் முதலானோர் 1970-களில் தொடங்கிய வேர்ல்டு டீம் டென்னிஸும் இப்படித்தான் கேம்களைக் கூட்டியது. ஒரு செட் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆட்டங்களை 4-6 என்று இழந்தால் ஆறு கேம் பற்றாக்குறை. நான்காவதில் தன் பிரிவுக்கு மிஞ்சிய ஒரு பிள்ளை 6-0 என்று வென்றால் ஆறும் ஒரே மூச்சில் திரும்பிவிடும். ஐந்தாவது ஆட்டம் யாருடையதோ வெற்றி அவர்களுடையது. அதாவது ஐந்தில் மூன்றை இழந்த அணி வெல்லலாம். இடம் மாறி நிற்கும் ஒரே ஒரு பிள்ளை மொத்தக் கணக்கையும் சாய்த்துவிட முடியும் என்பதால்தான் கூரை வேண்டியிருக்கிறது.

கூரையை வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்களும் உண்டு. வேண்டாத ஆட்டங்களில் தோற்றுத் தன் திறனைக் குறைவாகக் காட்டிக்கொண்டு, முக்கியமான நாளில் முழு வேகத்தோடு இறங்குவார்கள். ஆங்கிலத்தில் இதை மணல்மூட்டையின் பெயரால் சொல்கிறார்கள். அதை அப்படியே பெயர்க்க ஒருவர் முயன்றிருந்தார், தயவுசெய்து வேண்டாம். வெள்ளத்துக்குக் கரை கட்டுகிறோம் என்று நினைப்பார்கள். பாயப்போகிற புலி பதுங்கும் என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். 'பதுங்காட்டம்' என்று வைக்கலாம். பதுங்கி ஆடினார், பதுங்காட்டக்காரர் என்று வினையாகவும் ஆளாகவும் நீட்டிக்கொள்ள வசதி.

பெரியவர்கள் லீக்கில் தொடக்கத்தில் தன் தரத்தைத் தானே சொல்லிச் சேரலாம். 1.5-இல் தொடங்கி அரை அரையாக 7.0 வரை போகும் என்.டி.ஆர்.பி. அளவு அது. குறைத்துச் சொன்னவரைக் கணினி கவனித்துக்கொண்டே இருக்கும். வரம்பை மூன்று முறை மீறினால் வெளியேற்றிவிடும். அங்கே 'தகுதி நீக்கம்' என்று தாராளமாக எழுதுங்கள், அதற்குப் பிறந்த சொல் அது. ஆடுரிமை இடம் மாறுவது வளர்ந்தவருக்கு, தகுதி நீக்கம் ஏமாற்றியவருக்கு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்ததால்தான் நான் பாட்டியிடம் மாட்டிக்கொண்டேன்.

அடுத்து அந்த எண். 'ரேட்டிங்' என்பதற்கு மூன்று பேர் 'தரவரிசை' என்று எழுதியிருக்கிறீர்கள். தரவரிசை என்றால் முதலாமவர், இரண்டாமவர் என்று ஆட்களை வரிசையில் நிறுத்துவது. ரேட்டிங்கில் ஒரே எண்ணில் ஆயிரம் பேர் இருக்கலாம். 'மதிப்பெண்' இன்னும் ஆபத்து. அமெரிக்கச் சங்கம் 2022-இல் ஏற்றுக்கொண்ட உலக டென்னிஸ் எண் 40-இல் தொடங்கி 1 வரை இறங்குகிறது. புதிதாக மட்டை பிடித்தவர் 40 பக்கம், உலகின் மேல்வரிசை ஆட்டக்காரர் 1 பக்கம். யு.டி.ஆர். என்ற இன்னொரு அளவு நேர்மாறாக 1-இல் தொடங்கி 16.5 வரை ஏறுகிறது. மதிப்பெண் 29-இலிருந்து 25-க்கு இறங்கியது என்றால் தமிழ்ப் பெற்றோர் அன்றே டியூஷனுக்கு ஆள் தேடுவார்கள். ஏறுவதையோ இறங்குவதையோ தனக்குள் சுமக்காத சொல் வேண்டும். பதிவெண், அணுவெண் போல 'திறனெண்'. உலக டென்னிஸ் எண்ணில் ஒற்றையருக்கு ஒன்றும் இரட்டையருக்கு ஒன்றுமாக இரண்டு எண்கள் உண்டு. ஒற்றையர் திறனெண், இரட்டையர் திறனெண். தொல்லை இல்லை.

திறன்நிலை என்ற சொல்லில் எனக்கு வழக்கில்லை. நிலைகளின் பெயர்களில்தான் வழக்கு. தொடக்கநிலை, இடைநிலை, மேல்நிலை என்று பட்டியல் வந்தது. "எட்டாம் வகுப்புப் பையன் அதற்குள் எப்படி மேல்நிலை?" என்று ஒரு தாத்தா கேட்டுவிட்டார், அவருக்கு மேல்நிலை என்றால் பிளஸ் டூ. சரி, 'உயர்தரம்' என்று மாற்றினால் இலங்கை அன்பர்களுக்கு அது பரீட்சையின் பெயர். 'படி' என்று வைத்துத் தொடக்கப்படி, இடைப்படி, மேற்படி என்று போட்டவருக்கு மட்டும் ஒரு பரிசு கொடுக்கலாம். மேற்படி அணி மேற்படி மைதானத்தில் மேற்படி நேரத்தில் ஆடும். பத்திரப்பதிவு அலுவலக வாசனை வருகிறது.

பிரிவைச் சொல்லாமல் ஆட்களைச் சொல்லிவிடலாமே என்று தோன்றுகிறது: பயில்வோர், பழகியோர், தேர்ந்தோர். யாரையும் இரண்டாந்தரம் ஆக்காது. நடுவில் 'பழகுநர்' என்று முதலில் எழுதிப் பார்த்தேன், ஓட்டுநர் பள்ளிக் காரின் சிவப்பு எழுத்து நினைவுக்கு வந்ததால் விட்டுவிட்டேன்.

வயதில் ஒரு பொறி இருக்கிறது. இங்குள்ள பிரிவின் பெயர் '14-உம் அதற்குக் கீழும்'. பதினான்கு வயதுப் பிள்ளை உள்ளே உண்டு. நாம் '14 வயதுக்குட்பட்டோர்' என்று எழுதியதைப் படித்துவிட்டு, பதினான்கு முடிந்த மகனை ஒரு தந்தை அணியிலிருந்து விலக்கிக்கொண்டார். பையனுக்கு மூன்று வாரம் வீண். '14 வயது வரை' என்று எழுதினால் முடிந்தது, புதுச் சொல்லே வேண்டாம். எந்தத் தேதியில் வயதைப் பார்ப்பது என்பதற்கு மட்டும் 'வயதுக்கணக்கு நாள்' என்று ஒன்று தேவைப்படும், ஏனென்றால் அது அமைப்புக்கு அமைப்பு வேறுபடுகிறது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் ஜூனியர் போட்டிகளில் 13 நிறைந்தால் நுழையலாம், 18 நிறையும் ஆண்டின் டிசம்பர் 31 வரை ஆடலாம். ஜனவரியில் பிறந்தவருக்கு அங்கே கிட்டத்தட்ட ஓராண்டு லாபம்.

பத்து வயது வரை உள்ள குழந்தைகளுக்கு எண் எதுவும் தேவைப்படுவதில்லை, பந்தின் நிறமே நிலையைச் சொல்லிவிடுகிறது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை. சிவப்புப் பந்து வழக்கமான மஞ்சள் பந்தைவிட 75 விழுக்காடு மெதுவானது, ஆரஞ்சு 50, பச்சை 25. சிவப்புக்கு 36 அடி நீள ஆடுகளம், ஆரஞ்சுக்கு 60, பச்சைக்கு முழு 78. 2012 முதல் பத்து வயது வரையிலான போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்துக்கே இடமில்லை. அதனால் 'சிவப்புப் பந்து அணி' என்று சொன்னால் ஆறு வயதுக் குழந்தைக்கும் தன் இடம் தெரிகிறது. பெரிய பிள்ளைகளுக்கும் இப்படி நிறம் கொடுத்திருந்தால் நமக்கு இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

தீராத ஒன்று பாக்கி. தன் பிரிவில் ஆடுரிமை இருந்தும், பயிற்சிக்காக விரும்பி மேல் வயதுப் பிரிவில் ஆடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 'மேலேறி ஆடுதல்' என்று இப்போதைக்கு எழுதுகிறேன், மாடிப்படி நினைவு வருகிறது. நல்ல சொல் இருப்பவர்கள் எழுதுங்கள்.

அடுத்த அறிவிப்பை ஞாயிற்றுக்கிழமை காலை அச்செடுக்கிறேன். சனி இரவுக்குள் மறுப்பு வராவிட்டால் ஆடுரிமையும் திறனெண்ணும் அதில் ஏறிவிடும். பாட்டி வியாழக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார், திருத்திய தாள் ஒன்று கொண்டுபோக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.