மாடித் தோட்டம்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

வடவள்ளி அம்மணி:
மயில், வேறென்ன! எங்கள் பக்கம் தக்காளி வைத்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். விடியற்காலையில் தண்ணீர் ஊற்ற மேலே போனேன். கைப்பிடிச் சுவரில் ஒரு ஆண் மயில், தோகை தெருப்பக்கம் தொங்குகிறது, அலகில் என் செங்காய். "ச்சூ" என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கியது. உருண்டை கழுத்தில் இறங்கியதுகூடத் தெரிந்தது. ஒரு காயோடு போயிருந்தால் பரவாயில்லை, எல்லாக் காயிலும் ஒவ்வொரு கொத்து!

ஈரோட்டு மாமா:
கல்லைக் கில்லை எடுத்துராதீங்க அம்மணி. தேசியப் பறவை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. நைலான் வலை கட்டுங்க.

என் கதை வேறு. கிணத்துக்கடவில் தக்காளி போடும் மச்சான் வந்திருந்தார். மாடியைச் சுற்றிப் பார்த்தார், ஒரு வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "இத விவசாயம்ங்கறீங்க. நாங்க வெல இல்லாம பெட்டி பெட்டியா ரோட்டோரம் கொட்டறமே, அதுக்கு என்ன பேருங்க மாப்ள?" நான் காப்பி கொண்டுவரச் சொல்லிச் சமாளித்தேன்.

திருப்பூர்க்காரன்:
மாமா, உங்க மச்சான் கோபம் நியாயம்தான், ஆனால் ஆளை மாற்றிக் காட்டுகிறார். வரத்து ஒரே சமயத்தில் குவிந்தால் விலை விழுகிறது. அதற்கு நாலு பை வெண்டை என்ன செய்யும்? நெல்லும் பருப்பும் மாடியில் விளையப் போவதில்லை. கீரையும் கொத்தமல்லியும் வாடாமல் கிடைக்கும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் நாமக்கல்லில் இருந்து கோழி எரு மூட்டையாக இறக்கி, மக்க விடாமல் பச்சையாகவே போட்டார். இலை கருகியதைவிட, கீழ்வீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி வந்து, "மேல எலி ஏதாச்சும் செத்துக் கெடக்குதுங்களா?" என்று கேட்டதுதான் மறக்க மாட்டேன் என்கிறது.

பொள்ளாச்சி நார்:
நல்ல மழை ராத்திரி. வீட்டு ஓனர் டார்ச்சோடு வந்து, கூரையில் ஓதம் இறங்கிய இடத்தைக் காட்டி, எல்லாப் பையையும் அப்போதே இறக்கச் சொன்னார். நனைந்துகொண்டே இறக்கினோம்.

ஆகவே கேளுங்க. ஒரு கன அடி ஈர மண் கிட்டத்தட்ட 50 கிலோ வரும். வெறும் மண்ணை நிரப்பாதீர்கள். மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் சம பங்கு போதும். பைகளை நடுக்கூரையில் குவிக்காமல் பீம் போகிற இடத்தில், செங்கல் மேல் வையுங்கள். புது நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை அலசணும். கோவையில் உப்பில்லாத சிறுவாணித் தண்ணீர் வருகிற புண்ணியவான்கள் தப்பித்தீர்கள். உப்பு போர்வெல் தண்ணீரில் அலசி என்ன பயன்? மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலம் அடிங்க. சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்த பஞ்சகவ்யம், அதைப் பயிருக்குப் பிரபலமாக்கிய நம்ம கொடுமுடி டாக்டர் நடராஜன் சொன்னபடி 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி. அதிகம் ஊற்றினால் அதிகம் காய்க்கும் என்று...

திருப்பூர்க்காரன்:
அண்ணா, அதெல்லாம் இருக்கட்டும். ஓனர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தாரா இல்லையா?