புதிய விசுவாசிகளைச் சபையில் நிலைக்கச் செய்வது எப்படி? ஆலோசனை வேண்டும்

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. ஞானஸ்நான வகுப்பு வரை ஆர்வமாக வருகிறார்கள். அப்புறம் சிலர் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் கிளம்பிவிடுகிறார்கள். சிலர் வருவதே நின்றுவிடுகிறது.

போதனையைவிட உறவில்தான் குறை என்று எனக்குத் தோன்றுகிறது. குடும்பத்தில் தனியாளாக விசுவாசத்துக்கு வந்தவருக்கு வீட்டில் பேச்சே நின்றுபோயிருக்கலாம். சபைக்கு வந்தால் இங்கே எல்லோரும் பல வருடப் பழக்கம், அவர் மட்டும் புதியவர். அப்போஸ்தலர் 2:42-ல் உபதேசத்தோடு ஐக்கியமும் அப்பம் பிட்குதலும் ஜெபமும் சேர்ந்தே வருகின்றன. முன்பு விசுவாசிகளைத் துன்புறுத்திய சவுல் (பிற்பாடு பவுல்) மனந்திரும்பி வந்தபோது அவரைக் கண்டு சீஷர்கள் பயந்தார்கள்; அப்போது பர்னபா என்ற விசுவாசிதான் அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துப் போனார். ஒவ்வொரு புதியவருக்கும் அப்படி ஒருவர் வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு மூத்த விசுவாசியை இவர்களோடு இணைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? யாரை, எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? எவ்வளவு காலம் தொடர்ந்தீர்கள்? ஷிப்ட் வேலை செய்பவர்களை வீட்டு ஜெபக்கூட்டத்தில் எப்படிச் சேர்த்தீர்கள்?

இன்னொன்று, ஊழியப் பொறுப்பு. புதிய சீஷன் கண்காணியாக, அதாவது சபையை மேற்பார்க்கும் பொறுப்பாளராக, ஆகக் கூடாது என்று 1 தீமோத்தேயு 3:6 சொல்கிறது, சரி. ஆனால் நாற்காலி போடுவது, வருபவர்களை வரவேற்பது போன்ற வேலைகளை உடனே கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் சபையில் செய்து பார்த்ததை எழுதுங்கள். பலன் தராத முயற்சிகளையும் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.