முதற்பிரசவம்: மருத்துவமனையா, பிரசவ மையமா, வீடா?

கேள்வி:
இலண்டனில் வசிக்கிறேன், முதல் குழந்தைக்கு இப்போது 34 வாரம். மருத்துவமனை, மிட்வைஃப்கள் (பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள்) நடத்தும் பிரசவ மையம், வீடு ஆகிய மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்கிறார்கள். மாமியாரோ வீட்டில் பெறுவது என்ற பேச்சையே எடுக்கவிடுவதில்லை. உடற்சிக்கல் எதுவுமில்லாத எனக்கு எது ஏற்றது?

பதில் 1:
மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் பிரசவ இடங்களை ஒப்பிட்டு 2011இல் வெளியான பெரிய ஆய்வில், சிக்கலற்ற முதற்பிரசவங்களில் குழந்தைக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தது மருத்துவமனையைத் தேர்ந்தவர்களிடம் ஆயிரத்துக்கு 5.3 ஆகவும், வீட்டைத் தேர்ந்தவர்களிடம் 9.3 ஆகவும் இருந்தது. பிரசவ மையங்களில் அத்தகைய உயர்வு தென்படவில்லை. இரண்டாம் பிரசவம் என்றால் நானே வீட்டைப் பரிந்துரைத்திருப்பேன்.

பதில் 2:
மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இருந்த மையத்தைத் தேர்ந்தேன். எட்டு மணி நேரம் வெந்நீர்த் தொட்டியில் கிடந்தபின் வலி பொறுக்காமல் எபிடூரல் (முதுகில் செலுத்தும் வலிமரப்பு மருந்து) கேட்டபோது, அது அங்கே கிடையாது என்பதால், ஈரத் தலையோடு சக்கர நாற்காலியில் அமர்த்தி லிஃப்டில் இரண்டு மாடி மேலே கொண்டுசென்றார்கள். வீடாக இருந்திருந்தால் ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்திருப்பேன்.

பதில் 3:
அதே ஆய்வில், முதற்பிரசவத்தை வீட்டில் திட்டமிட்டவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். பெரும்பாலும் காரணம் பிரசவம் மெதுவாக நகர்ந்ததுதான். உங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் ஆகும்?