புதுப்பிப்பு: சீமை அகத்திச் சாறும் டிஎம்எஸ்ஓ சந்தேகமும்

போன பதிவில் கேட்டிருந்தேன்: சீமை அகத்தி இலையின் மெத்தனால் சாறு ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியா வளர்த்த தட்டில் நல்ல வளையம் (சாற்றைச் சுற்றிக் கிருமி வளராத இடம்) காட்டுகிறது, ஈ கோலையில் ஒன்றுமே இல்லை, இது சாற்றின் வேலையா அல்லது கரைக்க ஊற்றிய டிஎம்எஸ்ஓவின் வேலையா என்று. பலர் சொன்னபடி வெறும் டிஎம்எஸ்ஓவை ஒரு குழியில் விட்டுப் பார்த்தோம், வளையம் வரவில்லை. சரி, சாறுதான். ஈ கோலை அசையாததில் ஆச்சரியமில்லை. அது கிராம் நெகட்டிவ் வகை, அந்த வகை பாக்டீரியாவுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு, நிறைய தாவரப் பொருட்கள் அதைத் தாண்டுவதில்லை.

அப்புறம் அதே இலையை ஹெக்சேனில், அதாவது எண்ணெய்ப் பொருட்களைக் கரைக்கும் திரவத்தில், எடுத்த சாறு. அகாரில் (தட்டில் ஊற்றும் ஜெல்லி போன்ற ஊடகம்) வளையமே தராததைத் தூக்கிப் போடச் சொன்னார்கள், ஆனால் எண்ணெய்த் தன்மையுள்ள பொருட்கள் நீர் நிறைந்த அகாரில் சரியாகப் பரவாது என்பதால் 96 குழித் தட்டில் திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்த்து வைத்தோம், ஸ்டாஃபைலோகாக்கஸ் வளர்ச்சி நின்றது. சாற்றின் பச்சையில் கிருமி வளர்ந்த கலங்கல் தெரியாது, ரெசாசுரின் என்ற நிறமியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: உயிர் இருக்கும் குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும். தடுக்கும் அளவு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமை ஒட்டித்தான் வருகிறது, பெருமைப்பட ஒன்றுமில்லை. வளையத்தை மட்டும் அளந்து, ஆன்டிபயாட்டிக்கான 'ஜென்டாமைசினுக்கு இணை' என்று எழுதுகிறவர்களை நினைத்தால்தான் எரிச்சல்.

படர்தாமரையை உண்டாக்கும் ட்ரைக்கோஃபைட்டான் மெதுவாக வளரும் பூஞ்சை, அந்தத் தட்டுகள் இன்னும் இன்குபேட்டரில். வண்டுகொல்லி என்று சொல்லிப் படர்தாமரைக்கு இந்த இலையைத் தேய்ப்பதால் எனக்கு ஆர்வமே அதில்தான். வந்ததும் இங்கேயே போடுகிறேன்.