புதுப்பிப்பு: எல்இடி போட்டால் குட்டி வீடுகளின் சுவர் ஒளிர்ந்த பிரச்சினை தீர்ந்தது

என் மாதிரி ரயில் தளத்தின் (எச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) கிராமத்தில் விளக்குப் போட்டதும், ஜன்னல் மட்டுமல்லாமல் பிளாஸ்டிக் சுவர் முழுக்கவே மின்னுகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேலை செய்தது, உட்புறம் கறுப்பு அடிக்கச் சொன்ன யோசனைதான். முதலில் சோம்பல்பட்டு வெள்ளை மட்டும் மூன்று பூச்சு அடித்தேன், பலனில்லை. அப்புறம் கறுப்பு அக்ரிலிக் இரண்டு பூச்சு, காய்ந்ததும் மேலே ஒரு வெள்ளை. கறுப்பு ஒளியை அடைக்கிறது, வெள்ளை அதை அறைக்குள் பரப்புகிறது. ஜன்னலுக்குக் கண்ணாடியாக வைக்கும் தாளை ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஒரு வீட்டில் மறந்துபோய், கண்ணாடியெல்லாம் கறுப்புத் தீற்றல்.

சுவர்கள் சேரும் மூலையில் மட்டும் மயிரிழை அளவுக்கு வெளிச்சம் கசிந்தது. கறுப்பு அட்டையை மடித்து உள்ளே ஒட்டியதும் நின்றது.

எதிர்பாராத விஷயம்: சுவர் இருண்டதும் ஜன்னல் வழியே வெறும் கூடும் நடுவே எல்இடியும் பளிச்செனத் தெரிந்தன. ஜன்னலுக்குப் பின்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டி, வெளிச்சம் குறைய, 12 வோல்ட்டுக்கு வைத்திருந்த 1 கிலோ ஓம் மின்தடையை 10 கிலோ ஓமாக மாற்றினேன். இப்போதுதான் வீட்டு விளக்கு மாதிரி இருக்கிறது.

வீடுகளைத் தளத்தில் ஒட்டவில்லை, சும்மா உட்கார வைத்திருக்கிறேன். எல்இடி போனால் கூரையைப் பிய்க்க வேண்டாமே!