பாப், ஐமேப்: ‘எடுப்பு நெறிமுறை’, ‘இருப்பு நெறிமுறை’ என்னும் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மின்னஞ்சல் முதலில் வந்து சேரும் தொலைக் கணினியான வழங்கியிலிருந்து (server) அதை நம் கருவியில் பெற உதவும் பாப் (POP), ஐமேப் (IMAP) என்னும் இரு நெறிமுறைகளுக்கும் (protocol) தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த ‘அஞ்சலக நெறிமுறை’, ‘இணையச் செய்தி அணுகு நெறிமுறை’ என்ற இரண்டும் ஆங்கில விரிவைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை. அவற்றில் பிழையில்லை. ஆயினும், மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலையொன்றில் புதிய கணினியில் மின்னஞ்சலை அமைக்க உட்காரும் கணக்கர், இவ்விரு பெயர்களையும் திரையில் கண்டால் எதைக் கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்? கடிதத்தின் மூலப்படி தம் கணினிக்கு வந்துவிடுமா, வழங்கியிலேயே தங்குமா என்பதைத்தான் அவர் முதலில் அறிய வேண்டும். பெயரும் அதையே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

1984-இல் வரையறுக்கப்பட்ட பாப், எப்போதாவது வலையோடு இணையும் தனிக் கணினிகளுக்காக எழுந்தது. இன்று வழங்கும் மூன்றாம் பதிப்பின் வரையறை 1996-இல் வெளியானது. இணைந்து, பட்டியலைக் கேட்டு, கடிதங்களை இறக்கி, வழங்கியில் உள்ளவற்றை அழித்துவிட்டு விலகுவதே அதன் இயல்பான போக்கு. உள்பெட்டி தவிர வேறு கோப்புறை அதற்குத் தெரியாது. எது படித்த கடிதம், எது படிக்காதது என்பதையும் அது வழங்கிக்குத் தெரிவிப்பதில்லை. ஆகவே ‘எடுப்பு நெறிமுறை’ என்கிறேன். நம் பக்கத்து உணவகப் பலகைகளில் ‘எடுப்புச் சாப்பாடு’ என்று எழுதியிருப்பதைப் படித்துப் பழகியவர்களுக்கு, வாங்கிக்கொண்டு போய்விடுவது என்ற பொருள் விளக்கமின்றியே விளங்கும்.

1986-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்த ஐமேப்பில் மூலப்படி வழங்கியிலேயே இருக்கிறது. கோப்புறைகளும், படித்தது, மறுமொழி அனுப்பியது என்னும் அடையாளங்களும் அங்கேயே பதிவாவதால், ஆலை உரிமையாளர் கும்பகோணத்தில் கைப்பேசியில் திறந்து பார்த்த கொள்முதல் ஆணை, மன்னார்குடிக் கணினியிலும் படித்ததாகவே காட்டும். இதற்கு ‘இருப்பு நெறிமுறை’ பொருந்தும். நெல் இருப்பு, கையிருப்பு என்று நாள்தோறும் எழுதும் கைகளுக்கு இச்சொல் புதிதன்று. இருப்புப்பாதையை நினைத்து யாரேனும் இரும்போடு குழப்புவார்களோ என்று ஐயுற்றேன். மின்னஞ்சல் அமைப்புத் திரையில் அந்த மயக்கத்துக்கு இடமிருப்பதாகத் தோன்றவில்லை.

தஞ்சாவூர் நண்பர் ‘இறக்கு நெறிமுறை’, ‘ஒத்திசைவு நெறிமுறை’ என்றார். ஐமேப்பும் கடிதத்தை இறக்கித்தான் காட்டுகிறது. ஒத்திசைவோ நாள்காட்டி, தொடர்புப் பட்டியல், கோப்பு என எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்ட சொல். எனவே இவ்விணை என் கணக்கரின் கேள்விக்கு விடை தரவில்லை.

பாப்பிலும் வழங்கியில் ஒரு படியை விட்டுவைக்கலாமே என்ற மறுப்பு வலுவானது. ஆனால் அது அஞ்சல் செயலியில் நாம் செய்துகொள்ளும் ஏற்பாடு. அப்படி விட்டுவைத்தாலும், ஒரு கருவியில் படித்த கடிதம் இன்னொன்றில் புதிதாகவே நிற்கும். அதேபோல் ஐமேப் செயலிகள் பலவும் உள்ளூர்ப் படி வைத்துக்கொள்ளும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்து கிடந்த ஊர்களில், மடிக்கணினியில் மின்கலம் இருந்தவரை பழைய கடிதங்களைப் படிக்க அத்தகைய படி போதுமானதாயிருக்கும். எனினும் அதைக் காப்புப்படி என்று நம்பக் கூடாது. ஓரிடத்தில் அழித்தால், அடுத்த இணைப்பில் எல்லா இடத்திலும் அழியும். ‘இருப்பு’ என்ற பெயர் இந்த எச்சரிக்கையையும் ஓரளவு சுமக்கிறது: இருப்பது ஓரிடத்தில், மற்றவை அதன் நிழல்கள்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு எதைப் பரிந்துரைப்பது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. கைப்பேசியும் கணினியும் ஒரே பெட்டியைப் பார்க்கும் எவருக்கும் இருப்பு நெறிமுறையே ஏற்றது. ஒரே கணினியில் மட்டும் அஞ்சல் பார்ப்பவருக்கும், வழங்கியில் மிகக் குறைந்த இடமே பெற்றவருக்கும் எடுப்பு நெறிமுறை இன்னும் பயன்படும். எதைத் தேர்ந்தாலும் மறைகுறியாக்கிய (encrypted) இணைப்புக்கான வாயில் (port) எண்களையே, அதாவது எடுப்புக்கு 995, இருப்புக்கு 993 என்பவற்றையே, உதவிக் குறிப்பில் தர வேண்டும். 110, 143 என்னும் பழைய எண்களைத் தனியே அச்சிட வேண்டாம்.

இனி முடிவு செய்ய வேண்டியது, எடுப்பு நெறிமுறையின் கீழ் வரும் தேர்வுப்பெட்டியின் வாசகம். ‘வழங்கியில் படி விட்டுவை’ என்று எழுதியிருக்கிறேன். ‘விட்டுவை’ பேச்சுவழக்காகப் படுமாயின் ‘வழங்கியிலும் படி வைத்திரு’ என மாற்றலாம். ‘உம்’ மட்டும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.